கோத்தகிரி மிஸ்ட்டும் எங்கள் படிக்கட்டு விளக்கும்

கோத்தகிரியில் வாசல் விளக்கைத் தானாக எரிய வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வேன்: எல்டிஆரை, அதாவது வெளிச்சத்தை உணரும் சென்சாரை, மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் எரிய வைக்கத்தான் அதற்குத் தெரியும். சமவெளியில் அது போதும். இங்கே மதியம் மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கினால் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாது. விளக்கு எரியும், மிஸ்ட் விலகினால் அணையும், மறுபடி எரியும்.

அதனால் எங்கள் வீட்டில் கடிகாரம்தான் முடிவெடுக்கிறது. விளக்கை இயக்க ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, கூடவே டிஎஸ்3231 கடிகார மாட்யூல். தேதியும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருந்தால் சூரியன் மறையும் நேரத்தை போர்டே கணக்குப் போட்டுவிடும். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்குள் மறைந்துவிடும், ஜூலையில் 6.50 ஆகிவிடும். நேரத்தை நெட்டிலிருந்தே எடுக்கலாமே என்பார்கள். காற்று மழையில் கரண்ட் போனால் நெட்டும் போய்விடுமே! டிஎஸ்3231 ஒரு காயின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். டிசம்பர் குளிருக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் அதிகம்.

கேட்டிலிருந்து வீட்டுக்குப் படி இறங்க வேண்டும். பக்கச் சுவரில், முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி 12 வோல்ட் எல்இடி வைத்திருக்கிறேன், 2700 கெல்வின் மஞ்சள். உயரத்தில் பளிச்சென்று ஃப்ளட் லைட் போட்டால் மிஸ்ட் வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், படி தெரியாது. மஞ்சளுக்குப் பூச்சியும் குறைவாகத்தான் வரும்.

பத்து மணிக்கு மேல் வெளிச்சத்தை 15 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறேன். யாராவது வந்தால் மோஷன் சென்சார் முழுதாக ஏற்றும். அந்த சென்சாருக்கு மனிதனும் ஒன்றுதான், காட்டுமாடும் ஒன்றுதான். சூடான உடம்பு நகர்ந்தால் போதும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் இந்த அமைப்பின் பெரிய பயன். கேட் திறக்கிற சத்தம் இல்லாமல் ஜன்னலில் வெளிச்சம் ஏறினால் தேயிலைக்குள்ளிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று அர்த்தம், கதவைத் திறக்க மாட்டோம். கரடியும் வருகிற ஊர் இது.

போர்டுப் பெட்டிக்கு வயர் கீழ்ப்பக்கமாக, ஒரு வளைவு தொங்கவிட்டு நுழைய வேண்டும். இல்லாவிட்டால் வயர் வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

அப்புறம், சமையலறைக் கதவோரம் ஒரு சாதாரண சுவிட்ச், போர்டைத் தொடாமல் நேராக விளக்குக்குப் போகிறது. அத்தைக்குச் சத்தம் கேட்டால் அதைத்தான் தட்டுவார்.