இடுக்குப் பிள்ளையாரும் என் உள்ளங்காலும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைக் கடந்து கொஞ்ச தூரம் வந்தால் இடுக்குப் பிள்ளையார் கோயில். கோயில் என்று பெயர், பார்க்க ஒரு சின்ன மண்டபம்தான். பின்பக்க வாசலில் நுழைந்து, படுத்தபடியே நகர்ந்து, முன்பக்கம் வெளியே வர வேண்டும். உள்ளே அடுத்தடுத்து மூன்று வாசல்கள். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. இடைக்காட்டுச் சித்தர் அங்கே மூன்று யந்திரங்களைப் பதித்து வைத்ததாகச் சொல்வார்கள். அதற்குள் ஊர்ந்து வந்தால் இடுப்பு வலி, தலைவலி தீரும், பிள்ளை வரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

2017 மாசியில் அந்தப் பின்வாசலில் தலையையும் தோளையும் நுழைத்தேன். இடுப்பு நின்றுவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால் போய்விடலாம் என்று வெளியே யாரோ சொன்னார்கள். உண்மைதான், என்னைவிடப் பெரிய உடம்புக்காரர்கள் அப்படித் திரும்பி, மூச்சை அடக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஒருக்களிப்பே வரவில்லை. முழங்கால் மடங்கவில்லை, கை ஊன்றினால் தோள் நடுங்கியது. பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "பரவாயில்ல, வந்துடு" என்று மெதுவாகச் சொன்னார். நாத்தனார் உள்ளே போய் வரும்வரை எல்லோருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். அன்றைக்கு நான் பாதையை முழுதாக நடக்கவும் இல்லை. வருண லிங்கம் வரை நடந்து, அங்கிருந்து ஆட்டோவில்தான் குபேர லிங்கத்துக்கு வந்திருந்தேன்.

அப்போது என் எடை 98 கிலோ. உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

நாங்கள் ஆரணிக்காரர்கள். அங்கிருந்து போளூர் வழியாக பஸ் பிடித்தால் திருவண்ணாமலை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கல்யாணமான புதிதில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்விடுவோம். அப்புறம் குறைந்தது. வேலை, பிள்ளைகள் படிப்பு என்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கோயிலுக்குப் போனாலும் கும்பிட முடியாது என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அதை வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

கும்பிடுவது என்றால் கை கூப்புவது மட்டுமா? பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட வேண்டும். அம்மன் சன்னதியில் மண்டியிட்டு நெற்றி தரையில் படுகிற மாதிரி விழுந்து எழ வேண்டும். பிரகாரம் சுற்ற வேண்டும். சுற்றி முடித்துக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த பக்தி இவ்வளவும் சேர்ந்ததுதான். அது ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போனது. முதலில் தோப்புக்கரணம் போய் தலையில் குட்டிக்கொள்வது மட்டும் மிஞ்சியது. அப்புறம் நமஸ்காரம். கடைசியில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்ததால் உட்காருவதையே விட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட முடியாமல், நின்றபடியே குனிந்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவேன். மார்கழியில்கூட ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறேன். மெட்டி கழன்றால் மகள்தான் போட்டுவிட வேண்டும். கால் நகம் வெட்டுவதும் அவள்தான்.

2021-இல் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள் என்றார். சர்க்கரை இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைய வாய்ப்பு உண்டு, முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாமல் போய் அது புண்ணாகிவிடும் என்று விளக்கினார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தால் பாதம் தொடை வரைக்கும் வரவில்லை. என் காலின் அடிப்பக்கத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் செல்போன் டார்ச்சை அடித்து என் இரண்டு பாதத்தையும் பார்ப்பார். விரலிடுக்கு வரை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, படு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன்.

எடை குறைந்த கதையை நீட்டப் போவதில்லை. அதில் அதிசயம் எதுவும் இல்லை. தட்டில் சோறு ஒரு கரண்டியானது, காயும் கீரையும் மூன்று மடங்கானது. சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல். ராத்திரி ஏழு மணிக்குள் கேழ்வரகு அடையோ இரண்டு இட்லியோ. மொட்டை மாடியில் பத்து நிமிஷ நடையில் ஆரம்பித்தேன். முதல் மாதம் அதுவே மூச்சு வாங்கியது. டாக்டர் சொன்ன ஒரு கணக்கு மட்டும் மனதில் நின்றுவிட்டது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நாலு கிலோ குறையுமாம். மூன்று வருஷத்தில் 29 கிலோ குறைந்தது. 25 கிலோ அரிசி சிப்பம் ஒன்றுக்கும் மேல். நாலால் பெருக்கிப் பார்த்தால் 116. இத்தனை நாள் அவ்வளவையும் தூக்கிக்கொண்டா நடந்தோம் என்று என் முழங்காலை நானே தடவிக்கொடுத்தேன்.

ஆனால் தராசு காட்டும் எண் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை. ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, யோசிக்காமலேயே குந்தி உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கோலத்தில்தான் எனக்கே உறைத்தது. ஒன்பது புள்ளிச் சிக்குக் கோலம் அது. கால் மரத்துப்போகும் வரை எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அன்றைக்குத்தான் அவரிடம், "அண்ணாமலை போலாங்க, இந்தத் தடவை நடந்து" என்றேன்.

வெறுங்காலில் 14 கிலோமீட்டர் நடக்கலாமா என்று முதலில் டாக்டரிடம் கேட்டேன். ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் தெரிந்தது. ஆனாலும் வெறுங்கால் வேண்டாம், கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வெயில் ஏறும் முன் முடியுங்கள், முடித்ததும் பாதத்தைப் பாருங்கள் என்றார். சாக்ஸோடு சுற்றுவது குறையாகுமோ என்று தயங்கினேன். அண்ணாமலையார் கொடுத்த கால், அதைக் காப்பாற்றுவதில் அவருக்கு என்ன கோபம் வரப்போகிறது என்று தோன்றியது. போட்டுக்கொண்டேன்.

தை மாதம், பௌர்ணமி இல்லாத ஒரு நாள். காலை நாலு மணிக்கு ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றினோம். 217 அடிக் கோபுரம், இருட்டில் அதன் உச்சி தெரியவில்லை. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், அப்புறம் செங்கம் சாலையில் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம். எம லிங்கத்தைத் தாண்டிக் கிரிவலப் பாதை பிரியும் இடம் வந்ததும் கடைகளின் வெளிச்சம் குறைந்து மரங்கள் தொடங்கின. மலை வலப்பக்கம் கறுப்பாகக் கூடவே வந்தது. மலையை ஒட்டிய பக்கத்தில் சித்தர்கள் நடப்பார்கள், அதை அவர்களுக்கு விட்டு நாம் இடப்பக்கமாகப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியே போனோம்.

முன்பெல்லாம் நடக்கும்போது என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்கும். அடுத்த லிங்கம் எப்போது வரும், உட்கார இடம் இருக்குமா, இதே நினைப்புதான். இந்தத் தடவை வாய் தானாக "அருணாசல சிவ" என்று சொல்லிக்கொண்டு வந்தது. பேசிக்கொண்டே நடக்க மூச்சு மிச்சம் இருந்தது என்பதை நிருதி லிங்கம் வந்த பிறகுதான் கவனித்தேன். வருண லிங்கத்தில் அவர் என்னைப் பார்த்தார். ஆட்டோ பிடித்த இடம். நான் எதுவும் சொல்லவில்லை, நடந்தேன்.

ஆதி அண்ணாமலை கோயிலில் வெளிச்சம் வந்துவிட்டது. பிரம்மா பிரதிஷ்டை செய்த லிங்கம் என்று தலபுராணம் சொல்லும் இடம். கொடிமரத்துக்கு அருகே மண்டியிட்டு நெற்றியைக் கல்லில் வைத்தேன். கல் ஜில்லென்று இருந்தது. எத்தனை வருஷமாயிற்று என்று கணக்குப் போடவும் தோன்றவில்லை, அப்படியே கிடந்தேன். எழுந்தபோது கையை ஊன்றி எழுந்தேன். ஆனால் யாருடைய கையையும் பிடிக்கவில்லை.

வாயு லிங்கம், குபேர லிங்கம். அப்புறம் இடுக்குப் பிள்ளையார்.

எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முடியாமல் போனால் என்ன, மறுபடி பையைப் பிடித்துக்கொண்டு நிற்போம் என்று மனதைத் தயார்செய்துகொண்டேன். என் முறை வந்ததும் புடவைக் கொசுவத்தைக் கால்களுக்கு இடையில் ஒதுக்கி, வலது தோள் கீழே வருகிற மாதிரி ஒருக்களித்துப் படுத்தேன். அந்தப் படுப்பு வந்ததே எனக்குப் போதும்போல இருந்தது. வலது கையை முன்னால் நீட்டித் தரையை அழுத்தினேன். தோள் போனது. இடுப்பு கல்லில் உரசியது. ஒரு கணம் நின்றேன், பயத்தில்தான். எத்தனையோ பேர் ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கல் எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று இருந்தது. காலால் உந்தினேன், இடுப்பு வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. உள்ளே விபூதி வாசனையும் வியர்வை வாசனையும் கலந்திருந்தன. அடுத்த வாசலுக்கு உடம்பைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். வளைந்தது. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று மட்டும் சொன்னேன், வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. வெளிச்சம் முகத்தில் அடித்தபோது தலை வெளியே வந்திருந்தது. அவர் முன்பக்கம் வந்து குந்தி உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது மகள் கல்யாணத்தன்று ஒருமுறை, இப்போது ஒருமுறை.

வெளியே சாலையோரத்தில் ஒரு அம்மா மூன்று நாலு பைகளோடு நின்றுகொண்டிருந்தார். நல்ல கனத்த உடம்பு. அவரோடு வந்தவர்கள் வரிசையில் இருந்தார்கள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அவரிடம் போய் ஒன்றும் அறிவுரை சொல்லத் தோன்றவில்லை, எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் கூசியிருப்பேன். "பையை நான் பாத்துக்கறேம்மா, நீங்க முன்பக்கம் போய்ப் பிள்ளையாரைப் பாத்துட்டு வாங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். முன்வாசலில் நின்று ரொம்ப நேரம் கும்பிட்டார்.

ஈசான்ய லிங்கம் முடித்துக் கோயிலுக்குள் வரும்போது மணி ஒன்பது. சம்பந்த விநாயகர் முன் தோப்புக்கரணம் போட்டேன், மூன்று. நாலாவது போட ஆசை இருந்தும் தொடை ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மனையும் தரிசித்துவிட்டு ஆயிரங்கால் மண்டபத்துக்கு வந்தோம். அங்கே படி இறங்கினால் பாதாள லிங்கம். 1896-இல், பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்த ரமணர் தவத்தில் மூழ்கிக் கிடந்த இடம். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியவில்லை என்பார்கள். உடம்பே நினைவில்லாமல் அவர் இருந்த இடத்துக்கு, இத்தனை வருஷம் உடம்பைத் தவிர வேறு நினைவில்லாமல் இருந்தவள் முதல் தடவையாகப் படி இறங்கிப் போனேன். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். கால் வலித்தது, முதுகு வலித்தது, எழுந்திருக்க மனமில்லை.

பிரகாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். வழக்கம்போல அவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டார், அந்தப் பகல் வெளிச்சத்தில். "காலைக் காட்டு, பாக்கறேன்" என்று குனிந்தார்.

நான் வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்து, பாதத்தைத் திருப்பினேன். குதிகாலில் பழைய வெடிப்பு ஒன்று. சுண்டுவிரலுக்குக் கீழே கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கொப்புளம், உடையவில்லை. விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன், வலித்தது.

"நானே பாத்துட்டேங்க" என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கினேன்.