எந்தப் பென்சிலை எடுப்பது?

எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் எல்லோரிடமும் ஒரு ஹிஸ்டாலஜி ரெக்கார்டு, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் திசுக்களை வரையும் நோட்டு, இருக்கும். இளஞ்சிவப்பு ஒன்று, ஊதா ஒன்று. இந்த இரண்டு பென்சிலை வைத்தே கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, தோல் என்று எல்லாவற்றையும் வரைய வேண்டும். கடையில் போய் ஹெச் அண்ட் ஈ பென்சில் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், சீனியர் ஒருவரின் ரெக்கார்டை வாங்கிவந்து, கையெழுத்து வாங்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து அதை அப்படியே பார்த்து வரைந்து முடித்துவிடுகிறார்கள். அனாட்டமி சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, அதன் ஸ்லைடைப் பார்த்து நாமே வரைவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

ஏன் இரண்டு நிறம் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்லைடில் திசு தெரிவதற்காக அதற்கு ஏற்றும் இரண்டு சாயங்களின் நிறம் அவை. ஊதா என்பது ஹிமடாக்சிலின், பென்சில் பெயரில் வரும் ஹெச். மத்திய அமெரிக்கப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வைரப்பகுதியிலிருந்து எடுக்கும் சாயம் அது. ஒரு காலத்தில் அதைத் துணிக்கும் போட்டார்கள். தனியாக அது திசுவில் பிடிக்காது, துணிச்சாயத்துக்குச் சேர்ப்பதுபோல இங்கேயும் படிகாரம் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்ததும் அது நேர்மின்னூட்டம் உள்ளதாகி, எதிர்மின்னூட்டம் உள்ள டிஎன்ஏ, ஆர்என்ஏ மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இளஞ்சிவப்பு என்பது இயோசின், அந்த ஈ. இது அதற்கு எதிர்: சைட்டோபிளாசத்தின் புரதங்கள், மைட்டோகாண்ட்ரியா, கொலாஜன் இவற்றில் பிடிக்கும். அதனால் உட்கரு ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் சுவாரசியம் அந்த வரி உடையும் இடங்களில்தான் இருக்கிறது.

கணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்கள் கூம்பு வடிவில், குறுகிய முனை நடுவிலிருக்கும் சிறு துவாரத்தைப் பார்த்தபடி வட்டமாக அடுக்கியிருக்கும். ஒரே ஒரு செல்லை வரைய முயன்று பாருங்கள். எந்தப் பென்சிலை எடுப்பீர்கள்? அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது, உட்கருவைத் தாண்டியும் ஊதா பரவியிருக்கிறது. மேல்பக்கம் பளிச்சென்று இளஞ்சிவப்பு, அதுவும் பொடிப்பொடியாக. ஒரு செல்லுக்குள்ளேயே இரண்டு பென்சிலும் தேவைப்படுகிறது. அடிப்பக்கம் ஊதாவாக இருப்பதற்குக் காரணம் அங்கே ரைபோசோம்கள், அதாவது ஆர்என்ஏ, நெருக்கமாகக் குவிந்திருப்பது. புரதம் அங்கே தயாராகிறது. தயாரான நொதி குருணைகளாகக் கட்டப்பட்டு மேல்முனையில் காத்திருக்கிறது, அதுதான் அந்த இளஞ்சிவப்புப் பொடி. சரக்கு எங்கே உற்பத்தியாகிறது, எந்தப் பக்கம் வெளியே போகிறது என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கும் மேல் கணைய நீர் சுரக்கிறது என்று உடலியங்கியலில் படிப்பார்கள், ஆனால் இந்தச் செல்லைத் தன் கையால் நிறம் தீட்டியவருக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்காது, கண்ணால் பார்த்ததாக இருக்கும்.

இரைப்பையும் அப்படித்தான். அதன் சுரப்பிகளில் பளிச்சென்ற இளஞ்சிவப்பில் உருண்டையாக, நடுவில் உட்கருவோடு இருக்கும் செல்கள்தான் அமிலம் சுரப்பவை. அமிலத்தை வெளியே தள்ள ஏகப்பட்ட ஆற்றல் வேண்டும், அதனால் உள்ளே மைட்டோகாண்ட்ரியா நிரம்பியிருக்கிறது, அதனால் இளஞ்சிவப்பு. சுரப்பியின் அடிப்பகுதிக்குப் போகப்போக ஊதா கூடும். அங்கே இருப்பவை பெப்சினோஜென் என்ற செரிமான நொதியின் முன்வடிவைத் தயாரிக்கும் செல்கள், புரதம் செய்கிறவை, கணையத்தில் பார்த்த அதே காரணம். மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பென்சிலைக் கையில் எடுக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள், எந்த நிறம் என்று முடிவு செய்வதும் இந்தச் செல்லின் வேலை என்ன என்று கேட்பதும் ஒன்றுதான். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரையும்போது அந்த ஒரு நொடி வருவதே இல்லை, அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

அப்புறம், வெள்ளை. பேப்பரில் எதுவும் தீட்டாமல் விடும் இடமும் தகவல்தான். கொழுப்புத் திசுவில் வெறும் வளையங்கள் தெரிகின்றன, உள்ளே ஒன்றுமில்லை. ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கொழுப்பு கரைந்து போய்விட்டது, மிஞ்சியது ஓரமாக ஒதுங்கிய சைட்டோபிளாசம் மட்டும். குடலில் சளி சுரக்கும் கோப்ளெட் செல்களும் வெளிறித்தான் தெரியும், இந்த இரண்டு சாயமும் சளியில் சரியாகப் பிடிக்காது. சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து பெருங்குடல் வரை வரிசையாக வரைந்தால் இந்த வெளிறிய இடங்கள் கூடிக்கொண்டே போவது தெரியும். பெருங்குடலில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு உள்ளிருப்பது கெட்டியாகிறது, வழுக்கிக்கொண்டு போக அங்கேதான் சளி அதிகம் வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமருலஸைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வட்டம் வட்டமாகக் குழாய்கள். வடிகட்டியது முதலில் போகும் முன்சுருண்ட குழல் எது, பிறகு போகும் பின்சுருண்ட குழல் எது? படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். வரைந்தால் மூன்று விஷயங்கள் தானாக வரும். ஒரு வகைக் குழாய் அதிக எண்ணிக்கையில் இருக்கிறது, அதன் நிறம் அடர்ந்த இளஞ்சிவப்பு, அதன் உள்விளிம்பைக் கூரான ஒரு கோடாகப் போடவே முடியவில்லை, மங்கலாகக் கலங்கித் தெரிகிறது. இதுதான் முன்சுருண்ட குழல். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன, வெளியே போவது ஒன்றிரண்டு லிட்டர்தான். வடிகட்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த முன்பகுதியே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பரப்பு வேண்டும், அதனால் உள்விளிம்பு முழுக்க நுண்ணிய மயிரிழை போன்ற நீட்சிகள், கலங்கித் தெரிந்தது அவைதான். ஆற்றல் வேண்டும், அதனால் மைட்டோகாண்ட்ரியா, அதனால் அந்த நிறம். நீளமும் அதிகம், வளைந்து வளைந்து போகிறது, அதனால் வெட்டும்போது அதன் துண்டுகளே அதிகம் சிக்குகின்றன. பின்சுருண்ட குழலுக்கு வெளிறிய நிறம், சுத்தமான உள்விளிம்பு.

இந்தக் குழாய்களை வரையும்போது நல்ல மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: சில செல்களில் உட்கருவே இல்லையே? இருக்கிறது. ஸ்லைடில் நாம் பார்ப்பது 5 மைக்ரான் அளவுக்கு மெல்லிய ஒரு சீவல், செல் அதைவிடப் பெரியது, சீவலில் உட்கரு மாட்டவில்லை, அவ்வளவுதான். ரெக்கார்டுகளில் எல்லாச் செல்லுக்கும் அழகாக ஒரு புள்ளி வைத்து வரைந்திருப்பார்கள். ஸ்லைடைப் பார்த்தவர் அப்படி வரைய மாட்டார்.

வரைவது என்றால் அழகாக வரைவது என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் இ காஹால் பற்றி அவர்களுக்குச் சொல்வேன். சிறுவயதில் ஓவியனாக ஆசைப்பட்டவர், அப்பாவின் வற்புறுத்தலில் மருத்துவம் படித்தார். இத்தாலியின் கமிலோ கோல்ஜி 1873-ல் கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறையை 1887-ல் பார்த்தார். எல்லா நரம்புச் செல்லையும் விட்டுவிட்டு ஒன்றிரண்டை மட்டும் கிளை கிளையாக முழுசாகக் கறுப்பாக்கிக் காட்டும் முறை அது. கோல்ஜி அதில் பார்த்தது ஒரே தொடர்ச்சியான வலை. காஹால் அதே சாயத்தில் பார்த்து, ஒவ்வொரு கிளையும் எங்கே முடிகிறது என்று வரைந்தார், செல்கள் தனித்தனி என்றார், தகவல் எந்தத் திசையில் போகிறது என்று தன் படங்களில் அம்புக்குறியும் போட்டார். 1906-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள், அந்த மேடையிலும் கோல்ஜி வலைதான் என்றார். 1950-களில் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்துதான் நடுவில் இடைவெளி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கோடு இங்கே முடிகிறதா, அடுத்ததோடு சேர்கிறதா என்பதை வரைகிறவர் முடிவு செய்தே ஆக வேண்டும். போனில் ஐபீஸ் வழியாகப் படம் எடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

காஹாலின் அந்த அம்புக்குறியை நாமும் எடுத்துக்கொள்ளலாம். கல்லீரலின் சிறு கூறு ஒன்றை வரைந்து பெயர் எழுதுவதோடு நிறுத்தாமல், ரத்தம் ஓரத்திலிருந்து நடுச்சிரைக்குப் போவதை ஒரு அம்பாலும், பித்தநீர் அதற்கு எதிர்த்திசையில் போவதை இன்னொரு அம்பாலும் காட்டுங்கள். அதிக அளவு பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு நடுச்சிரையைச் சுற்றியுள்ள செல்கள் ஏன் முதலில் சாகின்றன என்று இரண்டாம் வருடத்தில் படிக்கும்போது, இந்தப் படத்தைத்தான் திரும்ப எடுத்துப் பார்ப்பீர்கள்.

கல்லூரியில் மைக்ரோஸ்கோப் கிடைக்கும் நேரம் போதவில்லை என்றால் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் ஸ்லைடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்து வரையலாம். மருத்துவம் படிக்காதவர்களும் பார்க்கலாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் என்பேன். சோறு உரசிக்கொண்டு போகும் பக்கம் தட்டையான செல்கள் பல அடுக்காக, அமிலத்தைத் தாங்க வேண்டிய பக்கம் சளி சுரக்கும் உயரமான செல்கள் ஒரே அடுக்காக, மாறுவது சட்டென்று. பல வருடம் அமிலம் மேலேறி வந்தவர்களில் சிலருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி இந்த உயரமான செல்களுக்கு மாறிவிடும், குடலில் நாம் பார்த்த கோப்ளெட் செல்களும், உணவுக்குழாயின் உள்பூச்சில் இருக்கக் கூடாதவை, அங்கே முளைத்திருக்கும். பேரட் உணவுக்குழாய் என்று அதற்குப் பெயர், புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது. பயாப்ஸி துண்டில் நோய்க்குறியியல் மருத்துவர் தேடுவது, நீங்கள் நிறம் தீட்டாமல் விட்ட அதே வெளிறிய செல்களைத்தான்.