எரிக்காத கிளைகளும் கொல்லை மழைக்கானும்

பகாவ் பக்கம் மழை சற்றுக் கஞ்சத்தனமாகத்தான் பெய்யும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், எங்கள் ஊர் இருக்கும் உட்பகுதிக்கு வரும் பருவமழையை மலைகள் மறித்துவிடுகின்றன. அதே மாநிலத்து ஜெலுபுவில் ஆண்டுச் சராசரி சுமார் 1,650 மி.மீ. என்பார்கள். தமிழ்நாட்டுக் கணக்கில் அது பெருமழை. ஆனால், அதில் பெரும்பகுதி மாலை இடியோடு கொட்டி, அரைமணி நேரத்தில் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கிவிடுகிறது. பிப்ரவரியில் என் ரம்புத்தான் மரங்கள் இலை சுருட்டி நிற்கும்.

எங்கள் கொல்லை பழைய பால்மரத் (ரப்பர்) தோட்டத்தின் ஓரம். அதன் நடுவே ஒரு மழைக்கான் ஓடுகிறது. மழை பெய்தால் மட்டுமே அதில் தண்ணீர். ஆண்டுக்கு ஆண்டு அது ஆழமாக வெட்டிக்கொண்டே போக, கரையோர மரங்களின் வேர்கள் வெளியே தொங்க ஆரம்பித்தன. அதே கொல்லையில் கவாத்து செய்த கிளைகள் மலைபோல் குவிந்திருந்தன. முன்பெல்லாம் தீ வைத்துவிடுவோம். இப்போது திறந்தவெளியில் எரிக்கச் சட்டம் விடாது. எனக்கும் மனம் வரவில்லை. அந்தக் கிளைகளைக் கொண்டே கானைப் படிப்படியாக அடைக்கத் தொடங்கினேன்.

‘அடைப்பது’ என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா குறுக்கிட்டார். தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவராக இருந்தவர். பால்மர வரிசைகளுக்கு நடுவே மண் குழி வெட்டி மழைநீரைப் பிடித்த காலத்தைப் பார்த்தவர். “தம்பி, தண்ணீரை மறிக்காதே. மறித்தால் கரையை உடைத்துக்கொண்டு போகும். வழி விடு, ஆனால் மெதுவாகப் போக வை,” என்றார். பிறகு நான் செய்ததெல்லாம் இந்தச் சொல்லை ஒட்டித்தான்.

கல்யாண முருங்கைக் கழிகளைக் கூராக்கி, கானின் குறுக்கே ஒரு கை இடைவெளியில் அடித்தேன். அவை வேர்விட்டுத் தழைக்கும் என்பதால், கட்டிய கிளைகள் மக்கினாலும் கழி நிற்கும். அடியில் மெல்லிய சிம்புகள், மேலே தடித்த கிளைகள் என்று அடுக்கிக் கழிகளுக்கு இடையே பின்னினேன். இரு முனைகளையும் கரைக்குள் ஒரு முழம் தோண்டிப் புதைத்தேன். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் ஓரமாகச் சுற்றிக் கரையைத் தின்னும். உயரம் முழங்காலுக்கு மேல் போகவில்லை. தண்ணீர் வழிந்து விழும் பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைகளைப் பாய்போல் விரித்தேன். விழும் வேகத்தில் குழி பறிக்காமலிருக்க அது அவசியம். மட்டையின் அடியில் முள் இருக்கும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

அடுத்த தடுப்பு எங்கே என்பதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். கீழ்த் தடுப்பின் தலைமட்டம், மேல்த் தடுப்பின் அடிமட்டத்தைத் தொட வேண்டும். சரிவு கூடக் கூடத் தடுப்புகள் நெருங்கும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிரிட்ஜ் கிரீக் என்ற ஓடையில் 2009 முதல் இதுபோலவே கழி நட்டுக் கிளை பின்னினார்கள். பீவர் என்ற விலங்கு கட்டும் அணையைப் பார்த்துச் செய்த வேலை அது. வெட்டுண்டு கிடந்த ஓடையில் வண்டல் ஏறியது, பக்கத்து நிலத்தடி நீர் உயர்ந்தது, பீவர்களே வந்து அணையை எடுத்துக் கட்டின. நமக்குப் பீவர் கிடையாது. நம் வெப்பத்தில் கிளையும் சீக்கிரம் மக்கிவிடும். ஆகவே அவ்வப்போது மேலே புதுக்கிளை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் பெருமழைக்குப் பின் போய்ப் பார்த்தபோது, சிம்புகளுக்கு இடையில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தடுப்பே வடிகட்டியாகியிருந்தது. பின்னால் மாவுபோல் மெல்லிய வண்டல். அதன்மேல் ஒரு கீரியின் பாதம் தெளிவாகப் பதிந்திருந்தது. மழை ஓய்ந்து பல நாள் கழித்தும் அந்த வண்டலில் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமண் ஒட்டி வந்தது. தடுப்பு இல்லாத கீழ்ப்பகுதியில் அதே குச்சி கல்லில் மோதியதுபோல நின்றது. வாழைக்கன்றுகளை அந்த ஈரக்கரையிலேயே நட்டிருக்கிறேன்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வருமா என்று வீட்டில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தடுப்பு கசிவதால் தேங்கிய நீர் மறுநாளே வடிந்துவிடுகிறது. அதனால்தான் பிளாஸ்டிக் விரிப்போ சிமெண்டோ போடவில்லை. சாய்ந்த செம்பனைத் தண்டையும் சேர்க்கவில்லை. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு பக்கத்துச் செம்பனைக் குருத்தைத் துளைக்கும். நம் ஈரத்துக்காகப் பக்கத்துத் தோட்டம் நட்டப்படக் கூடாது.

இதெல்லாம் சொந்த நிலத்தின் மழைக்கானுக்கு மட்டும். ஆற்றின் போக்கில் கைவைக்க 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி மாநில அனுமதி வேண்டும்.

அக்டோபர், நவம்பர் அடைமழைக்கு முன் அமிழ்ந்துபோன நடுப்பகுதிகளை நிரப்ப வேண்டும். டுரியான் மரக் கவாத்து அதற்குள் முடிந்துவிடும், கிளைக்குப் பஞ்சமில்லை. மாமா தன் வேலிப்பக்கத்துக் கானுக்கும் கழி கேட்டிருக்கிறார். கல்யாண முருங்கையில் முற்றிய கிளைகளாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறேன்.