முகம் பார்க்க விடுங்கள்

"நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஆளுக்காக இப்படியா அழுவாங்க?" பிரபலமான ஒருவர் திடீரென்று இறந்துபோகும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதே இல்லை. வருஷக்கணக்காக நம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல் அது, அப்பா கோபமாக இருந்த நாளில்கூட அவரைச் சிரிக்க வைத்த குரல், அது நின்றால் அழுகை வரத்தான் செய்யும். படுத்த படுக்கையாகக் கிடந்து போகிற சாவாவது நம்மைக் கொஞ்சம் தயார்படுத்தும். முந்தின நாள் டிவியில் தெம்பாகப் பேசியவர் மறுநாள் இல்லை என்றால் மனசு என்ன செய்யும், முதலில் நம்ப மறுக்கிறது, அப்புறம் ஒரு காரணம் கேட்கிறது, அப்புறம் கைக்கு ஏதாவது வேலை கேட்கிறது.

நகைச்சுவை நடிகர் விவேக் இறந்தபோது இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்தேன். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடிவதற்குள் போய்விட்டார், வயது 59. எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் காலையில் வந்த முதல் செய்தி "உண்மையா?" என்ற ஒற்றைச் சொல். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஊசிதான் கொன்றது என்று ஒரு குரல் பதிவு. இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது என்று டாக்டர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஊசி போட நாள் பார்த்து வைத்திருந்த என் பெரியம்மா அதைத் தள்ளிப்போட்டார். ஊசிக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு சொல்லி முடித்தபோது மாசக்கணக்கு ஓடிவிட்டது. வதந்தியைப் பரப்பியவர்களில் நிறைய பேர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காரணமே இல்லாத சாவு என்று ஒன்றை அவர்களால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கோடி மரம் நடுவேன் என்று கிளம்பி, முப்பது லட்சத்துக்கும் மேல் நட்டு முடித்திருந்தவர் விவேக். கடைசி ஊர்வலத்துக்கு மரக்கன்றுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஊர் ஊராக அவர் பேரில் கன்று நட்டார்கள். துக்கத்துக்குச் செய்ய ஒரு வேலையை அவரே விட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு பெங்களூர்தான் ஞாபகத்துக்கு வரும். 2006 ஏப்ரல் 12 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் வீட்டிலேயே திடீரென்று இறந்துபோனார். உடலை எங்கே வைக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று ஒன்றும் தெளிவாகத் தெரியாமல் ஜனம் திரண்டது, பெரும்பாலானவர்களால் கிட்டே போகவே முடியவில்லை. பஸ்கள் எரிந்தன, கல்வீச்சு, துப்பாக்கிச்சூடு, எட்டுப் பேர் செத்தார்கள். அதில் ஒரு போலீஸ்காரரும் உண்டு, கும்பல் அடித்தே கொன்றது. எந்தத் துக்கமும் அந்தக் கொலைக்குச் சாக்கு ஆகாது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் "ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு வந்துடணும்" என்று வந்த லட்சக்கணக்கான பேரை முகம் பார்க்க விடாமல் திணறடித்தால் அந்தக் கூட்டம் என்னவாகும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

பதினைந்து வருஷம் கழித்து, 2021 அக்டோபர் 29 அன்று, ராஜ்குமாருடைய கடைசி மகன், நடிகர் புனித் போனார். 46 வயது, உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி, அன்றைக்கே முடிந்துவிட்டது. அப்பாவின் சாவைவிட இது பெரிய அதிர்ச்சி. அரசாங்கம் இந்த முறை பாடம் படித்திருந்தது. உடலை கண்டீரவா ஸ்டேடியத்தில் வைத்து, இரவு பகலாக வரிசையை நகர விட்டார்கள், வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேரும் வரை அடக்கத்தைத் தள்ளிவைத்து 31ஆம் தேதி அதிகாலையில் முடித்தார்கள். நகரம் எரியவில்லை. தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்ட ரசிகர்களும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை, அப்படிச் செய்யாதீர்கள் என்று குடும்பத்தாரே தங்கள் துக்கத்துக்கு நடுவில் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த நிலையில் இருக்கிறவர்களிடம் போய் மைக்கை நீட்டுகிற சேனல்காரர்களை என்ன சொல்வது.

என்னை அசைத்தது அவருடைய கண்கள். அப்பா, அம்மா இருவரும் கண்தானம் செய்தவர்கள், புனித்தும் செய்தார். சாதாரணமாக இரண்டு கண்ணால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும். டாக்டர்கள் ஒவ்வொரு கருவிழியையும் முன்படலம், பின்படலம் என்று பிரித்தார்கள், முன்பக்கம் கெட்டவர்களுக்கு அது, பின்பக்கம் கெட்டவர்களுக்கு இது என்று நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். அந்தச் செய்தி பரவியதும் கர்நாடகம் முழுக்க கண்தானத்துக்கு எழுதிக்கொடுக்க ஜனம் வரிசையில் நின்றது. ஸ்டேடியத்தில் முகம் பார்க்க நின்ற அதே ஜனம்தான். ரசிகர் கூட்டம் என்றாலே முட்டாள் கூட்டம் என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அழுத வேகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எழுதிக்கொடுத்த தாள் தானாக ஒன்றும் செய்யாது, அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் கண் வங்கிக்கு போன் செய்து சம்மதம் சொன்னால்தான் உண்டு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண் வங்கிக்காரர்கள் வரும் வரை இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரைக்காரர் எல்லாருமே கொடுக்கலாம். இதை இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள்.