ஷிப்யார்டு நேர்முகத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: எந்த டன் என்று பாருங்கள்

கப்பல் கட்டும் தளம் ஒன்றில் பயிற்சிப் பணிக்கான நேர்முகத் தேர்வு. கொச்சின் ஷிப்யார்டு பற்றிய எண்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒருவர் கேட்டார்: "அங்கே கட்டிய முதல் கப்பல் ராணி பத்மினி 75,000 டன். விமானம் தாங்கிப் போர்க்கப்பல் விக்ராந்த் சுமார் 43,000 டன். இரண்டும் ஒரே கணக்குதானே?" யோசிக்காமல் "ஆமாம் சார்" என்றேன். அதோடு அந்த வாய்ப்பு போயிற்று.

75,000 என்பது டெட்வெயிட். சரக்கு, எரிபொருள், தண்ணீர், ஆட்கள் என்று கப்பல் சுமக்கக்கூடியதன் மொத்தம். 43,000 என்பது டிஸ்பிளேஸ்மென்ட். கப்பல் விலக்கும் நீரின் எடை, அதாவது உள்ளே இருப்பது எல்லாம் சேர்த்துக் கப்பலின் முழு எடை. சரக்குக் கப்பலுக்கு முதல் கணக்கு, போர்க்கப்பலுக்கு இரண்டாவது.

அதற்கப்புறம் படிக்கும் முறையையே மாற்றினேன். ஒரு இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டு, அது கப்பலாகும் வரை பின்னாலேயே போனேன். தகடு யார்டில் இறங்குகிறது. துரு நீக்கி பிரைமர் அடிக்கிறார்கள். வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து பேனல் ஆக்குகிறார்கள். பேனல்கள் சேர்ந்து பிளாக். குழாய், கேபிள் தாங்கிகளில் முடிந்த அளவை பிளாக்கிலேயே பொருத்திவிடுவார்கள். கடைசியில்தான் டாக், அதாவது பிளாக்குகளைச் சேர்த்துக் கப்பலாக்கும், தண்ணீரை இறைத்துக் காயவைக்கக்கூடிய பெரிய பள்ளம்.

இங்கேதான் கிரேனின் முக்கியத்துவம் புரியும். யார்டிலேயே கிராக்கியான இடம் டாக்தான். ஒரு கப்பல் வெளியேறினால்தான் அடுத்ததற்கு இடம். கிரேன் எவ்வளவு தூக்குமோ, அவ்வளவு பெரிய பிளாக்கை வெளியிலேயே முடித்துக் கொண்டுவரலாம். டாக்கில் போட வேண்டிய வெல்டிங் இணைப்புகள் குறையும், நாட்களும் குறையும். கொச்சியில் 2024 ஜனவரியில் திறந்த புதிய ட்ரை டாக்கில் 600 டன் கேன்ட்ரி கிரேன் வைத்ததன் பலன் இதுதான்.

அந்த டாக்கின் நீளம் 310 மீட்டர், ஆழம் 13 மீட்டர். அகலத்துக்கு மட்டும் 75, 60 என்று இரண்டு எண்கள் இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது படி வைத்த டாக். ஒரு பகுதி அகலம், மீதி குறுகல். நீளமான கப்பல் முழு நீளத்துக்கும் நிற்கலாம், கடலில் எண்ணெய் எடுக்கும் அகலமான மேடை வந்தால் அகன்ற பகுதியில் நிற்கலாம். ஒரு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே தெளிவானது. நீங்களும் வரைந்து பாருங்கள்.

டாக்கில் தண்ணீர் விடுவது, கதவைத் திறந்து கப்பலை உள்ளே இழுப்பது, கதவை மூடித் தண்ணீரை இறைக்க இறைக்க அது கீல் பிளாக்குகள் (கப்பலின் அடிப்பகுதியைத் தாங்கும் கட்டைகள்) மேல் உட்காருவது: இந்த வரிசையும் தடுமாறாமல் வாயில் வர வேண்டும். முடிந்தால் ஒருநாள் எறணாகுளத்தில் படகு ஏறி ஃபோர்ட் கொச்சி பக்கம் போய்வாருங்கள். தண்ணீரிலிருந்து அந்தக் கிரேன்களைப் பார்த்தவருக்கு 600 டன் என்பது வெறும் எண்ணாக இருக்காது.

இரண்டாவது தடவை வேறோர் இடத்தில் கேட்டார்கள்: "கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ள கப்பல் பழுதுபார்ப்பு மையத்தில், கப்பலைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கும் ஷிப் லிஃப்ட் 6,000 டன். எந்த டன்?" "லிஃப்டில் ஏறும் நேரத்தில் கப்பலுக்கு இருக்கும் முழு எடை சார். அது சுமக்கக்கூடிய சரக்கின் கணக்கு இல்லை" என்றேன். தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி, வரைந்து காட்டச் சொன்னார்கள்.