பிஸ்கட் டின்னில் இருந்த அட்டைகள்

எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்றில் சேர்கிறீர்களா என்று போன வருஷம் என்னைக் கேட்டார்கள். கோலாலம்பூரில் நான் மாத்திரை எடுக்கும் ஆஸ்பத்திரியில், டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஆராய்ச்சிப் பிரிவு மிஸ்ஸி (நர்ஸ்) கூப்பிட்டு உட்காரவைத்தார். பெயர் வெளியே போய்விடுமோ என்றுதான் முதலில் பதறினேன்.

2005-ல் மகன் வயிற்றில் இருந்தபோது, தாய்சேய் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. மலேசியாவில் 1998 முதலே அந்தப் பரிசோதனை உண்டு. அதனால்தான் என் பிள்ளை தப்பித்தான். எனக்கு மாத்திரை, பிறந்ததும் அவனுக்கு மருந்து, தாய்ப்பால் கிடையாது, புட்டிப்பால்தான். ஏன் பால் கொடுக்கவில்லை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஆளுக்கொரு பொய் சொன்னேன். அன்றிலிருந்து கிளினிக் அட்டை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில், அலமாரியில் சேலைகளுக்கு அடியில்.

மிஸ்ஸி நம்ம தமிழ்ப் பெண். தகவல் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. "அவசரமே இல்லக்கா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்க" என்றார். எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவரைத் தமிழில் சொல்லச் சொல்லி, பக்கம் பக்கமாகக் கேட்டேன். புது மருந்து எதையும் என்மேல் சோதிக்கப் போவதில்லை. வழக்கமாக எடுக்கிற சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் அளவு), கொழுப்பு, கிட்னி ரத்த முடிவுகள்தான் போகும். பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், வெளியே போவது ஒரு குறியீட்டு எண் மட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் மாத்திரை நிற்காது. இந்தக் கடைசி விஷயத்தை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். சேர நினைப்பவர்கள் நீங்களும் கேளுங்கள்.

அன்று கையெழுத்துப் போடவில்லை. அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன்: நான் நன்றாகத்தானே இருக்கிறேன், என்னிடம் என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? அவர் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா சேர்ந்து 1999-ல் தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 33,000 பேருக்கு மேல் அதில் இருந்தார்களாம். அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்று 2008-ல் அதில்தான் தெரிந்திருக்கிறது. ஒரு கிளினிக்கில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு மாரடைப்பு வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு தெரியும் என்றார். நெதர்லாந்தில் நாடு முழுவதுக்குமே இப்படி ஓர் ஆய்வு நடக்கிறது. அங்கே வேண்டாம் என்று சொல்லாதவரை நோயாளியின் விவரம் சேர்ந்துவிடும். இங்கே என்னைக் கேட்டு, கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சரி என்றேன். அப்புறம்தான் பெரிய வேலை. எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று தேதியோடு வேண்டும். நான் முதலில் போன ஆஸ்பத்திரியின் பழைய கோப்பு கிடைக்கவில்லை. டின்னைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். இருபது வருஷத்தில் அதை இன்னொருவர் முன்னால் திறந்தது அன்றுதான்.

மிஸ்ஸி ஒவ்வொரு அட்டையாக மேசையில் அடுக்கினார். பிரசவத்துக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திய தேதி இருந்தது. சிடி4 நன்றாக இருந்தால் நிறுத்துவது அந்தக் காலத்து முறை. 2009-ல் சிடி4 230-க்கு இறங்கி மறுபடி ஆரம்பித்த தேதி. ஏஇஸட்டி என்ற மாத்திரையில் நகம் கறுத்து, ரத்தம் குறைந்து தலைசுற்றியது. எஃபாவிரென்ஸில் விடிய விடியக் கனவு. இப்போது டோலுடெக்ராவிர், வைரஸ் கண்டறிய முடியாத அளவில். சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே தொடங்குவதே நல்லது என்று 2015-ல், 35 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அது முன்பே தெரிந்திருந்தால் அந்த நான்கு வருஷம் நான் மருந்தில்லாமல் இருந்திருக்க மாட்டேன். அந்த அட்டைகளைப் பார்த்தபோது இதுதான் நெஞ்சை அடைத்தது.

தொற்று எப்படி வந்தது என்றும் ஒரு கேள்வி இருந்தது. "பிடிக்கலன்னா விட்டுடலாம்க்கா" என்றார். கணவர் வழியாக என்று சொன்னேன். அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. மாதவிடாய் நின்றுவிட்டதா, தூக்கம் எப்படி என்றும் கேட்டார்கள். வைரஸைத் தவிர வேறு எதையாவது ஒருவர் உட்கார்ந்து கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை. நம்மைப் போன்ற பெண்கள் இந்தக் கணக்கில் நிறையப் பேர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஒப்புதல் பாரத்தின் பிரதி ஒன்று எனக்கும் கொடுத்தார்கள். மகனுக்கு எல்லாம் தெரியும், அதனால் அதை வீட்டு மேசையிலேயே வைத்தேன். படித்துவிட்டு, "நானும் இதுல இருக்கேனாம்மா?" என்றான். பிரசவம் ஒன்று, குழந்தைக்குத் தொற்று இல்லை என்று மிஸ்ஸி எழுதிக்கொண்டதைச் சொன்னேன்.