சேடி தெற்கே போன கதை

குடும்பச் செலவுக் கணக்கெடுப்புக்காக மூன்று வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். போன மாசம் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று கேட்டால் முதலில் ஒரு முறைப்பு வரும். "கடன் ஏதும் இருக்காம்மா?" என்றால் மருமகள் பேச மாட்டாள், மாமியாரைப் பார்ப்பாள். நான் பேனாவை மூடிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். மாமியார் உள்ளே போன அந்த அரை நிமிஷத்தில் தொகை வந்துவிடும்.

அதனால்தான் சேடி டேனர் மோசெல் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் ஆய்வைப் பற்றித் தெரிந்ததும் என்னால் விட முடியவில்லை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே ஃபிலடெல்ஃபியாவுக்குப் பிழைக்க வந்த 100 கறுப்பினக் குடும்பங்களின் வருமானம், வாடகை, சாப்பாடு, துணிமணி எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அவர்கள் வந்தது முதல் உலகப்போர் சமயம். ஐரோப்பாவிலிருந்து கூலிக்கு ஆள் வருவது குறைந்துபோக, வடக்கே தொழிற்சாலைகள் ஆள் தேடின. தெற்கே விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகையும் வெள்ளையர் கும்பல்கள் செய்த கொலைகளும் துரத்த, ஜனங்கள் ரயிலேறினார்கள்.

1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதற்கு முனைவர் பட்டம் கொடுத்தது. சேடிக்கு அப்போது 23 வயது. அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பொருளாதாரத்தில் முனைவர் ஆன முதல் ஆள் அவர்தான், ஆண்களையும் சேர்த்து.

சரி, வேலை? உள்ளூரில் ஒருவரும் தரவில்லை. இத்தனைக்கும் பெரிய இடத்துப் பெண். அப்பா அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்த முதல் கறுப்பினத்தவர், பெரியப்பா ஆஸ்பத்திரியே தொடங்கிய டாக்டர், தாய்மாமன் பாரிஸில் பேர்போன ஓவியர். கடைசியில் வட கரோலினாவின் டர்ஹாமில், கறுப்பினத்தவரே நடத்திய நார்த் கரோலினா மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனம் கூப்பிட்டது. பிரீமியக் கணக்குப் போடும் உதவி ஆக்சுவரி வேலை.

அந்த 100 குடும்பங்கள் வேலை தேடித் தெற்கிலிருந்து வடக்கே வந்தன. அவர்களைக் கணக்கெடுத்தவர் வேலைக்காக வடக்கிலிருந்து தெற்கே போனார். இதைப் படித்த அன்று வரைபடத்தை ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

1923இல் கல்யாணமாகி ஃபிலடெல்ஃபியா திரும்பினார். அப்புறம் சட்டம் படித்து 1927இல் வக்கீல் ஆனார். அதோடு பொருளாதாரத்தை விட்டுவிட்டார் என்று பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வேலை கேட்கும் எல்லாருக்கும் வேலை கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்று மேடைகளில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பேச்சுகளைப் பொருளாதாரப் பேராசிரியை நீனா பேங்க்ஸ் தேடித் தொகுத்து 2021இல் நூலாக்கினார். சேடி பட்டம் வாங்கி அப்போது நூறு வருஷம் ஆகியிருந்தது.

இப்படி இன்னொரு கறுப்பினப் பொருளாதார அறிஞர் ஃபிலிஸ் வாலஸ். அவர் பொருளாதாரத்துக்கு வந்த வழி வேடிக்கையானது. அன்று வெள்ளையருக்கு மட்டுமான மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடையாது. ஆனால் கறுப்பினத்தவர் கல்லூரியில் இல்லாத பாடத்தைக் கேட்டால், வெளிமாநிலத்தில் படிக்க அரசே செலவு கொடுக்கும். உள்ளே விடாமலிருக்கப் போட்ட விதி! வாலஸ் பொருளாதாரம் கேட்டு நியூயார்க் போனார். 1948இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு வேலையில் பாகுபாட்டை விசாரிக்கும் அமெரிக்க அரசு ஆணையத்தில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவரானார். மேரிலாந்து கொடுத்த காசில் படித்த படிப்பு, கடைசியில் கம்பெனிகளின் வேலைக்கணக்கைத் துருவுவதற்குப் பயன்பட்டது.